முதல் பீரியடு யார் உபயம்?

போன வாரம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு என் வீட்டு வாசலில் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. நான் எங்கேயும் கிளம்புவதாக இல்லை. உள்ளே ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மடியில் வாழைத்தார். நம் வீட்டு வாசலை எப்போது ஸ்டாப்பிங் ஆக்கினார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, காக்கிச் சட்டையோடு மேரி இறங்கி வந்தார்.

மேரி எங்கள் செவிலிமேட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ ஓட்டுகிறவர். பத்து வருடப் பழக்கம். கோபம் வந்தால் தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு வருவார். அன்று ஹாரன் சத்தமே இல்லை. அதிலேயே எனக்குக் கொஞ்சம் கலக்கம்.

"யக்கா, ஸ்கூல்ல ஆளுக்கு ஒரு நாள் உபயம்னு யோசனை சொன்னது நீங்கதானாமே?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. உள்ளே வா மேரி, காபி சாப்பிடலாம் என்றேன். முப்பது வருட ஆபீஸ் வாழ்க்கையில் எனக்குக் கைகொடுத்த பதில் அது.

மேரியிடம் அது செல்லவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். அவர் மகள் எஸ்தர் பத்தாம் வகுப்பு. அன்று காலை பிரேயரில் கை கூப்பி நின்றிருக்கிறாள். கூப்பிய கைக்குள் ஒரு துண்டுச் சீட்டு. சீட்டில் கணக்கு ஃபார்முலா. கட்டைவிரலை லேசாக விலக்கி விலக்கிப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தவளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிரார்த்தனையை அவமதித்ததற்காக மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் வகுப்புக்குள் விடுவார்களாம். அதுவரை வராந்தா.

நன்றாகக் கவனியுங்கள். ஒரு பெண் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறாள். கையும் களவுமாகப் பிடிபட்டிருக்கிறாள்.

"நீங்கதான் வாராவாரம் எழுதுறீங்களே... அந்த லெட்டரையும் நீங்களே எழுதிக் குடுத்துடுங்க" என்றார் மேரி. ஆட்டோவுக்குள்ளிருந்த ஆறு பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

நியாயமான கோபம்தான். ஏனென்றால் எல்லாவற்றுக்கும் காரணம் என் வாய்.

எங்கள் பேட்டை அரசு உயர்நிலைப் பள்ளியில் மேலாண்மைக் குழு என்று ஒன்று உண்டு. பெற்றோர், ஆசிரியர், கூடவே முன்னாள் மாணவர்களும் அதில் உறுப்பினர்கள். நான் அந்தப் பள்ளியில் படித்தவள். தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்கள் உயிரை வாங்குகிறவள். இதில் எந்தத் தகுதியைப் பார்த்து என்னைச் சேர்த்தார்களோ தெரியாது. மாதம் ஒரு கூட்டம். டீ, இரண்டு பிஸ்கட், கழிப்பறைக் கதவு பற்றிய விவாதம். கதவு இன்னும் வரவில்லை.

ஐப்பசி மாதக் கூட்டத்தில் கதவை ஒத்திவைத்துவிட்டு ஏகாம்பரம் அண்ணா எழுந்தார். ஆறு தறி போட்டுப் பட்டு நெய்கிறவர். மகன் ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறான். நெற்றி நிறைய விபூதி, மனசு நிறைய நல்ல எண்ணம். பள்ளிக்கு நாலு மின்விசிறி வாங்கிப் போட்டவர். காலாண்டுப் பரீட்சையில் பத்தாம் வகுப்பில் பாதிப் பேர் கணக்கில் கோட்டை விட்டதற்கு அவர் காரணம் கண்டுபிடித்திருந்தார். பிள்ளைகள் சாமி கும்பிடுவதில்லை. பிரேயரில் நின்று மனசு ஒரு நிலைப்பட்டால் கணக்கு தானாக வரும் என்றார்.

தலைமையாசிரியை தயங்கினார். காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து இருக்கிறது, குறள் இருக்கிறது, உறுதிமொழி இருக்கிறது, கடைசியில் நாட்டுப்பண்ணும் இருக்கிறதே என்றார். அதெல்லாம் மொழிக்கும் நாட்டுக்கும் ஆச்சு, சாமிக்கு என்ன ஆச்சு என்று ஏகாம்பரம் அண்ணா கேட்டார். அவர் வீட்டில் சாமி கும்பிடாமல் யாரும் தறியில் உட்காருவதில்லையாம். ஆகவே தினமும் கடவுள் வாழ்த்து. எல்லாரும். கட்டாயம்.

உடனே வரதன் தோழர் எழுந்தார். முழுப்பெயர் வரதராஜன். இந்த ஊரில் கடவுள் இல்லை என்கிறவருக்கும் பெருமாள் பெயரைத்தான் வைத்துத் தொலைக்கிறார்கள். அரசுப் பள்ளியில் எந்தச் சாமிக்கும் வேலையில்லை, பிள்ளைகளைக் கட்டாயப்படுத்த யாருக்கும் உரிமை இல்லை என்று நாற்பது நிமிடம் பேசினார். பேசியதில் பாதி முழு நியாயம். மீதிப் பாதியும் அதே நியாயம்தான், இரண்டாவது தடவை.

மேரியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். விருப்பம் இருக்கிறவர்கள் கும்பிடட்டும், மற்றவர்கள் சும்மா நிற்கட்டுமே, எதற்குக் கட்டாயம் என்று கேட்டார்.

"பாவுல ஒரே ஒரு இழை விட்டுப்போனா புடவை முழுக்கக் கோடு தெரியும்மா" என்றார் ஏகாம்பரம் அண்ணா.

"புடவைக்கு சரிதாண்ணா. புள்ளைங்க இன்னா இழையா?" என்றார் மேரி.

இதற்குப் பதில் வருவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிட்டது. சரி, கட்டாயம்தான் என்றே வைத்துக்கொள்வோம்... எந்தப் பிரார்த்தனை?

தேவாரம் என்றார் ஏகாம்பரம் அண்ணா. பாசுரம் என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். பாசுரம் என்றால் வடகலையா தென்கலையா, எந்தக் கலைக்காரர்கள் முதலில் ஆரம்பிப்பது என்று அதற்கும் பின் வரிசையிலிருந்து இன்னொரு குரல். சாமி முன்னால் யார் முதலில் பாடுவது என்பதற்கே தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்கு நடக்கிற ஊர் ஐயா இது. ஜரிகை வியாபாரம் செய்யும் பாய் ஒருவர், தங்களிடமும் நல்ல துஆக்கள் இருப்பதை மரியாதையாக நினைவூட்டினார். காஞ்சியில் ஒரு காலத்தில் பௌத்தமும் சமணமும்கூட இருந்தன என்று சமூக அறிவியல் டீச்சர் மெல்ல ஆரம்பித்தார். தலைமையாசிரியை முறைத்த முறைப்பில் அவை இரண்டும் இரண்டாவது தடவையாக ஊரை விட்டுப் போயின.

இரண்டரை மணி நேரம். டீ ஆறிவிட்டது. எனக்கு முதுகு வலி வேறு. எரிச்சலில் சொன்னேன், "பேசாம கோயில் திருவிழா மாதிரி ஆளுக்கு ஒரு நாள் உபயம் போட்டுடுங்களேன்."

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கோயில் திருவிழா பத்து நாள் நடந்தால் ஒவ்வொரு நாளையும் ஒரு குடும்பமோ சங்கமோ ஏற்று நடத்தும். அலங்காரம், மேளம், பிரசாதம் எல்லாம் அன்று அவர்கள் பொறுப்பு. அதற்குப் பெயர் உபயம். அன்றைக்கு உபயதாரருக்குத்தான் மாலை, தலையில் பரிவட்டம், முதல் மரியாதை. அந்த மரியாதைக்காக அண்ணன் தம்பி பேசாமல் போன குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய.

வேறு எந்த ஊரில் நான் இதைச் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பார்கள். நானும் சிரிப்பு வரும் என்று நினைத்துத்தான் சொன்னேன். காஞ்சிபுரத்தில் யாரும் சிரிக்கவில்லை. ஏகாம்பரம் அண்ணா சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி!

பத்தே நிமிடத்தில் பட்டியல் தயார். திங்கள் சிவனுக்கு உகந்த நாள், ஆகவே ஏகாம்பரம் அண்ணா. பெருமாள் பக்தர்கள் சனிக்கிழமையைக் கேட்டு வாங்கிவிட்டு, சனி பள்ளிக்கூடம் லீவு என்று தெரிந்ததும் செவ்வாய்க்கு மாறினார்கள். வெள்ளிக்கிழமைக்கு அம்மன் பக்தர்களும் பாயும் போட்டி. ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்று முடிந்தது. வியாழன் மேரியின் காலனிக்காரர்களுக்கு. வரதன் தோழர் கடைசி வரை எதிர்த்தார். புதன்கிழமை மட்டும் காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும், அப்படியானால் அது பகுத்தறிவு நாளாக இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டார்.

கட்டாயம் என்பதை யாரும் அதற்குப் பிறகு பேசவில்லை. எல்லாருக்கும் ஒரு நாள் கிடைத்துவிட்டது. தனக்கென்று ஒரு நாள் கிடைத்துவிட்டால் கட்டாயம் அவ்வளவு மோசமாகத் தெரிவதில்லை போலிருக்கிறது.

தலைமையாசிரியைக்குப் பக்தியும் கிடையாது, நாத்திகமும் கிடையாது. சர்க்குலர் மட்டும்தான். தீர்மானப் புத்தகத்தில் 'நல்லொழுக்க நிகழ்ச்சி' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நானும் போட்டேன். கையெழுத்து போடும்போது எனக்கு உறுத்தவில்லையா? உறுத்தியது. முதுகு வலி அதைவிட அதிகமாக இருந்தது.

முதல் திங்கட்கிழமை ஏகாம்பரம் அண்ணா இரண்டு அண்டா சுண்டல் கொண்டுவந்தார். அங்கேதான் பிடித்தது சனி. சும்மா தேவாரம் மட்டும் என்றால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். சுண்டலைப் பார்த்த செவ்வாய்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? புளியோதரை. புதன்கிழமை தோழர் கடலைமிட்டாய் கொடுத்தார். 'இது பிரசாதம் அல்ல' என்று மைக்கில் மூன்று தடவை அறிவித்துவிட்டுக் கொடுத்தார். கடவுளை வணங்காமல் இருப்பது எப்படி என்று அன்று அவர் இருபத்தைந்து நிமிடம் பேசினார். வாரத்திலேயே நீளமான பிரேயர், பிரேயர் இல்லாத அந்த நாள்தான்.

இரண்டாவது வாரம் உபயதாரர்களுக்கு மாலை வந்தது. அப்புறம் தலையில் பரிவட்டம். காம்பவுண்டு சுவரில் ஃப்ளெக்ஸ் பேனர். நாதஸ்வரம் வேண்டாம் என்று தலைமையாசிரியை கையெடுத்துக் கும்பிட்டதுதான் அந்தப் பள்ளியில் நடந்த மனப்பூர்வமான ஒரே பிரார்த்தனை. ஆனால் வருகைப்பதிவு அமோகம். புளியோதரை நாளில் பழைய மாணவர்கள்கூட யூனிஃபார்ம் போட்டு வந்ததாகக் கேள்வி.

இத்தனையும் முடிய ஒன்பது ஐம்பது ஆகிவிடும். அப்போது முதல் பீரியடு முடிந்து மணி அடிப்பார்கள்.

பத்தாம் வகுப்புக்கு முதல் பீரியடு தினமும் கணக்கு. மூளை புதுசாக இருக்கும்போது கணக்கு போட வேண்டும் என்று கணக்கு வாத்தியார் அடம் பிடித்து வாங்கிய பீரியடு அது. மனுஷர் மாகறலிலிருந்து காலை ஏழரை மணி பஸ்ஸைப் பிடித்து வருகிறவர். பதினைந்து நாளாகக் கையில் சாக்பீஸோடு மைதானத்தின் ஓரத்தில் நின்று சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். கேட்டதற்கு, "எனக்கு எந்தச் சாமி மேலயும் கோவம் இல்ல மேடம். நாலு சேப்டர் பாக்கி, அவ்ளோதான்" என்றார்.

இதுதான் கதை. இனி வராந்தாவுக்கு வருவோம்.

மேரியோடு நானும் ஆட்டோவில் ஏறினேன். மற்றவர்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்குப் போனோம். வழி நெடுக மேரி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "பத்தாவதுல கணக்கு போச்சுன்னா பாலிடெக்னிக் போச்சுக்கா. அப்புறம் அவளும் விடிகாலைல கம்பெனி வேன்லதான் ஏறணும். டியூசன் வெக்க என்கிட்ட வசதி கெடயாது. அந்த சார் ஒருத்தர்தான்."

எஸ்தர் காலாண்டில் வாங்கியது இருபத்தெட்டு. அவளும் பாலிடெக்னிக் போக வேண்டும் என்றுதான் சொல்கிறாள். அம்மா ஆட்டோவின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற பெண். மெக்கானிகல் படிக்க ஆசை.

வராந்தாவில் சுவரோரமாக நின்றிருந்தாள். அழவில்லை. பக்கத்து வகுப்பில் ஆங்கிலப் பாடம் நடப்பதை ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிரேயர் நேரத்தில் எதற்கடி படித்தாய் என்று கேட்டேன்.

"அது கணக்கு பீரியடு ஆன்ட்டி" என்றாள்.



உள்ளே தலைமையாசிரியையோடு ஏகாம்பரம் அண்ணாவும் இருந்தார். அன்று திங்கள், அவர் உபயம். கழுத்தில் மாலையைக்கூட இன்னும் கழற்றவில்லை. எஸ்தரைப் பிடித்ததும் அவர்தான். எல்லாரும் கண்ணை மூடியிருந்த நேரத்தில் அவர் எப்படிப் பார்த்தார் என்று நான் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மனுஷர் நிஜமாகவே வருத்தத்தில் இருந்தார். கையைக் கூப்பிக்கொண்டு உள்ளே வேறொன்றை வைத்திருந்தால் அது சாமியை ஏமாற்றுகிற காரியம் இல்லையா என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்ட விதத்தில் பொய் இல்லை.

மேரிதான் பதில் சொன்னார். "நீங்க எல்லாரும் சாமிகிட்ட இன்னா கேட்டுக்கினு நின்னீங்க? பசங்க கணக்குல பாஸாவணும்னுதானே? என் பொண்ணு அதைத்தாண்ணா பண்ணிக்கினு இருந்தா."

ஏகாம்பரம் அண்ணா மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

தலைமையாசிரியைக்கு ஃபைல்தான் கவலை. சம்பவம் என்று பதிவேட்டில் எழுதியாகிவிட்டது, மன்னிப்புக் கடிதம் வந்தால்தான் ஃபைலை மூட முடியும் என்றார். சாட்சியமாக அந்தச் சீட்டையும் ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார். மேரி கையெழுத்து போட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வராந்தாவில் அந்தப் பெண் நிற்கிறாள். அடுத்த பீரியடுக்கு மணியும் அடித்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. யார்மீது? பாதி என்மேல்தான். ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன். 'மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் உபயம் என்று யோசிக்காமல் பேசியதால் மாணவர்களின் படிப்புக்கு இடையூறு ஏற்பட்டுவிட்டது. இனி இவ்வாறு நடக்காது என்று உறுதி கூறுகிறேன். மன்னிக்கவும்.' கீழே என் கையெழுத்து.

தலைமையாசிரியை வாங்கிப் பார்த்தார். மன்னிக்கவும் என்று இருக்கிறதா? இருக்கிறது. கையெழுத்து, தேதி? இருக்கிறது. எஸ்தரின் சீட்டை அதோடு சேர்த்துப் பின் அடித்து ஃபைலில் போட்டார். எஸ்தர் வகுப்புக்குப் போனாள். முப்பது வருட அரசாங்க உத்தியோகம் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் இது... ஃபைலுக்குத் தாள் வேண்டும், தாளில் இருப்பது வேண்டாம்.

கிளம்பும்போது மேரி வாசலில் நின்று திரும்பினார். "வியாழக்கெழமை எங்க முறைதானே?"

ஆமாம். முதல் இரண்டு வியாழனும் மழை லீவு. காலனிக்காரர்களுக்கு இன்னும் வாய்ப்பே வரவில்லை.

"இந்த வாரம் எங்க வீட்டு உபயம்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்று மட்டும் சொன்னார். நாற்பது வருடமாக என்னைப் பற்றி அவர் வைத்திருக்கும் கருத்து அதுதான்.

எனக்கும் பிரார்த்தனை உண்டு. காலையில் குளித்துவிட்டு விளக்கேற்றி இரண்டு நிமிடம் நிற்காவிட்டால் அன்றைக்கு எனக்கு நாள் ஓடாது. அந்த இரண்டு நிமிடத்தை யாராவது மணி அடித்துச் செய்யச் சொல்லி, நான் கண்ணை மூடினேனா என்று பக்கத்தில் நின்று பார்த்தால்? கட்டாயம் என்று கையில் கொடுத்தால் காபிகூடக் கஷாயம்தான். கூப்பாத கையால் சாமிக்கு என்ன குறைந்துவிடப்போகிறது? இதைக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாம். சமயத்தில் சொல்ல வேண்டியது நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது, சொல்லக் கூடாதது முந்திக்கொள்கிறது.

வியாழக்கிழமை நானும் போனேன். மைதானம் நிரம்பியிருந்தது. கேக் உண்டு என்று முந்தின நாளே வதந்தி. ஆறாம் வகுப்பு டிபன் பாக்ஸோடு வந்திருந்தது. ஏகாம்பரம் அண்ணா ஒரு தட்டில் மாலையும் பரிவட்டமும் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். உபயதாரர் யாராக இருந்தாலும் மரியாதை செய்து வைப்பது அவர்தான். அவருக்குப் பிடிக்கிறதோ இல்லையோ, முறை என்றால் முறை. அதில் மனுஷர் சுத்தம்.

தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், உறுதிமொழி, நாட்டுப்பண் எல்லாம் முடிந்து மைக்கை மேரியிடம் கொடுத்தார்கள். காக்கிச் சட்டை. ஆட்டோ கேட்டுக்கு வெளியே எஞ்சின் அணைக்காமல் நின்றிருந்தது. கழுத்தில் இருந்த சிலுவையை ஒரு தடவை தொட்டுக்கொண்டார். விருப்பம் இருக்கிறவர்கள் கண்ணை மூடலாம் என்றார்.

"ஆண்டவரே, இந்தப் புள்ளைங்களுக்கு நீங்க குடுத்த மொத பீரியடை நாங்க எடுத்துக்கினோம். இன்னியிலேர்ந்து திருப்பிக் குடுத்துடறோம். ஆமென்."

அவ்வளவுதான். மைக்கைக் கீழே வைத்துவிட்டார்.

பிள்ளைகள் கண்ணைத் திறந்து அடுத்தது என்ன என்று பார்த்தார்கள். பிரசாதம் இல்லாமல் உபயமா? மேரி பையிலிருந்து இரண்டு பெட்டி சாக்பீஸ் எடுத்துக் கணக்கு வாத்தியார் கையில் கொடுத்தார். ஒரு பெட்டி வெள்ளை, ஒரு பெட்டி கலர். அவர் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்தாம் வகுப்பு தானாக வரிசை கட்டி அவர் பின்னால் நடந்தது. தலைமையாசிரியை ஏகாம்பரம் அண்ணாவைப் பார்த்தார். ஏகாம்பரம் அண்ணா என்னைப் பார்த்தார். அடுத்தவர் உபயத்தில் தலையிடக் கூடாது. ரோஜா மாலையா சாமந்தி மாலையா, நீளமா குட்டையா எல்லாம் உபயதாரர் இஷ்டம். இந்த ஊரில் அதை மீறியவர் கிடையாது. அவரும் மீறவில்லை.

மரியாதை வாங்கிக்கொள்ள மேரி நிற்கவில்லை. ஒன்பதேகாலுக்குச் செவிலிமேட்டில் ஆள் காத்திருக்கிறார்கள் என்று போய்விட்டார். ஏகாம்பரம் அண்ணா தட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் நேராகப் பத்தாம் வகுப்புக்குப் போய், பலகையில் எழுதிக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார் தலையில் பரிவட்டத்தைக் கட்டிவிட்டு வந்தார். வாத்தியார் அதோடுதான் அன்று பாடம் நடத்தினாராம்.

இதோடு சுபம் போட்டிருப்பேன். ஆனால் இது காஞ்சிபுரம்.

நேற்று திங்கட்கிழமை, மறுபடி ஏகாம்பரம் அண்ணா உபயம். மைக்கைப் பிடித்தார். சொல்கிறவர்கள் சொல்லலாம், மற்றவர்கள் சும்மா நிற்கலாம் என்றார். அடடா என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒரே குரலில் "நம பார்வதி பதயே" என்றார். "அரகர மகாதேவா" என்று மைதானம் அதிர்ந்தது. முடிந்தது. சுண்டல் மதியச் சாப்பாட்டோடு வரும் என்று அறிவித்துவிட்டு இறங்கினார். இறங்கியதும் விளையாட்டு வாத்தியாரிடம் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று அப்புறம் விசாரித்தேன். எத்தனை விநாடி ஆனது என்று கேட்டாராம். ஏழு. மேரிக்கு எத்தனை? பன்னிரண்டு. மனுஷர் முகத்தில் அப்படி ஒரு திருப்தியாம்.

இன்று செவ்வாய். பெருமாள் பக்தர்கள் ஒரே ஒரு 'கோவிந்தா'வோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்று விநாடி. எந்தக் கலை முதலில் என்ற கேள்வி எழுவதற்குள் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். நியாயம் பேசி இரண்டரை மணி நேரத்தில் நடக்காதது, போட்டியில் இரண்டே நாளில் நடந்துவிட்டது. நாளை புதன். வரதன் தோழர் மட்டும் கறாராக இருக்கிறார். கடவுள் இல்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்ல முடியாதாம், இருபத்தைந்து நிமிடம் வேண்டியே வேண்டுமாம். அவரை ஆட்டோவில் ஏற்றி ஒரு சுற்று அழைத்துப்போக மேரியிடம் சொல்லியிருக்கிறேன்.

மறந்துவிட்டேனே. வெள்ளிக்கிழமை பாய் முறை, ஐந்தே நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார். அன்று முதல் பீரியடில் கணக்கு வாத்தியார் ஒரு டெஸ்ட் வைத்தார். எஸ்தர் நாற்பத்தொன்று. பாஸ். மேரி அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, நீளமாக ஹாரன் அடித்துவிட்டுப் போனார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்தச் சீட்டு இன்னும் என் மன்னிப்புக் கடிதத்தோடு ஃபைலில்தான் இருக்கிறது. திரும்ப வாங்கித் தரட்டுமா என்று எஸ்தரிடம் கேட்டேன். வேண்டாம் ஆன்ட்டி, தினமும் அவ்வளவு நேரம் கை கூப்பி நின்றதில் அத்தனையும் மனப்பாடம் ஆகிவிட்டது என்றாள்.

பிரேயரில் நின்றால் கணக்கு தானாக வரும் என்று ஏகாம்பரம் அண்ணா அன்றைக்கே சொன்னார். நான்தான் நம்பவில்லை.